கன்னத்தில் ஒட்டிய கண்ணாடி

தெருவில் அவளுக்கு மிட்டாய்க்காரி என்றுதான் பெயர். கல்யாணமாகி வந்த சூட்டோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது. மிட்டாய்த் தொழிற்சாலையில், காகிதம் சுற்றும் இயந்திரத்தின் முன்னால் நின்று, உடைந்ததையும் காகிதம் சுற்றாமல் வருவதையும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. சர்க்கரைத் தூசி புருவத்தில் படியும், காது மடலுக்குள் போய் உட்காரும். அவள் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி எறும்பு வாசற்படி ஏறும். நாள் முழுக்க அதிலேயே நின்றதாலோ என்னவோ, இனிப்பென்றாலே அவளுக்குக் குமட்டும்.

மகள் பிறந்ததும் வீட்டில் சட்டம் போட்டாள். ஒரு மிட்டாய்கூட உள்ளே வரக் கூடாது. வருஷக் கடைசியில் தொழிற்சாலை கொடுக்கும் பொட்டலத்தையும் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவாள். அதோடு விட்டாளா? வேலை முடிந்து வந்தால் தலைக்குக் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடுவாள். நடக்கப் பழகிய குழந்தை செருப்புச் சத்தம் கேட்டதுமே ஓடி வரும்.

“கிட்ட வராத பாப்பா, அம்மா குளிச்சிட்டு வர்றேன்” என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் நழுவுவாள். குழந்தை கதவுக்கு வெளியே நின்று அழும். உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு இவளும் அழுததுண்டு. எல்லாம் அந்த அரிசிப் பல்லுக்காக.

கணவன் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். தெருவில் அவன் அரை டாக்டர். குழந்தைக்கு ஓயாத தும்மலும் மூக்கொழுகலும் வந்தபோது, டாக்டர் ஒரு வாரத்துக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வாரம் முடிந்தது, சிரப் நிற்கவில்லை. கடையில் இல்லாத மருந்தா? தீரத் தீர அவன் கொண்டுவந்தான். பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் அவனே ஊட்டிவிடுவான். குழந்தை அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, இவளுக்கும்தான், பொய் சொல்வானேன். அந்தச் சிரப் தேனாய்த் தித்தித்ததை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் இனிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் முன்பற்களில் ஈறு ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு பழுப்பானது, பிறகு கறுத்தது. மாடி வீட்டில் இருந்த நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? மிட்டாய்க்காரி பெற்ற பிள்ளைக்கு வேறு எப்படிப் பல் இருக்கும் என்று படிக்கட்டில் நின்று நாலு பேர் காதுபட, வாய் கூசாமல் சொன்னாள். கணவன் கண்கொத்திப் பாம்பாகிவிட்டான். இவள் பையைக் குடைந்து பார்த்தான். ஒரு நாள் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மிட்டாய்க் காகிதத்தைக் கிள்ளி எடுத்துத் தூக்கிக் காட்டினான், என்னமோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன் மாதிரி.

பல்வலியில் குழந்தை வீல் வீலென்று கத்தி அழுத மறுநாள், “ஒண்ணு வேலையை விடு, இல்லன்னா பிள்ளையை அக்காகிட்ட விட்டுரு” என்றான். அந்த வாரம்தான் அவளை அந்த இயந்திர வரிசைக்கே மேற்பார்வையாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பல்லா, பதவியா என்றால் எந்தத் தாய் பதவி என்பாள்? எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலை போயிற்று, சொத்தை போகவில்லை. சில மாதங்களில் கடைவாய்ப் பற்களிலும் குழி விழுந்தது. இப்போது யாரைச் சொல்வார்கள்? அதற்கும் இவளைத்தான் சொன்னார்கள். ஒளித்து வைத்துக் கொடுக்கிறாளாம். மனம் வெந்துபோய், யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கிருந்த டாக்டரம்மாவும் முதலில் மிட்டாயைப் பற்றித்தான் கேட்டார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றாள். டாக்டரம்மா குச்சியில் பொருத்திய சின்னக் கண்ணாடியைக் குழந்தையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். வெளியே எடுக்கப் போனால் அது வரவில்லை, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. மெல்ல எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார். அங்கேயும் ஒட்டியது. அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளே வேறு. ராத்திரியில் எழுந்து தண்ணீர் கேட்கிறாளா, உதடு வெடிக்கிறதா, தினமும் ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா? இவள் சிரப்பின் பெயரைச் சொன்னாள்.

“வாய் காஞ்சு கிடக்கு, அதான் கண்ணாடி ஒட்டுது. வாய்ல ஊறுற எச்சில்தாம்மா பல்லுக்குக் காவல். சாப்பிட்டதைக் கழுவிவிடும், கிருமி உண்டாக்குற அமிலத்தை முறிக்கும், அரிச்ச இடத்தைத் திரும்பக் கெட்டியாக்கும். தூங்கும்போது எப்பவுமே கம்மியாத்தான் ஊறும். இந்த மருந்து அந்தக் கொஞ்சத்தையும் வத்த வைக்குது. அது போதாதுன்னு சர்க்கரைப் பாகையும் பல்லு மேல தடவித் தூங்க வைக்கிறீங்க. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதை விடாம நான் எத்தனை பல்லை அடைச்சாலும் வீண்தான். தும்மலுக்கு டாக்டரைப் பார்த்து வேற வழி கேளுங்க.”

இவள் தயங்கித் தயங்கித் தன் உடம்பில் படிந்த சர்க்கரைத் தூசியைப் பற்றிக் கேட்டாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூசியா? பிள்ளையைக் கட்டிப் பிடிச்சா பல்லு சொத்தையாகுமா என்ன?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். இவளுக்குத்தான் குளியலறைக் கதவும் அதற்கு வெளியே கேட்ட அழுகையும் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் மிச்சச் சிரப்பைச் சாக்கடையில் ஊற்றினாள். கணவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போன நாட்களில் அவன் இதே மருந்தை எடுத்துக் கொடுத்து, வாய் வறளும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று வந்தவர்களிடம் சொன்னதை இவள் காதால் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லியும் கேட்டாள்.

“அது பெரியவங்களுக்குச் சொல்றது” என்றான். டிவியைப் போட்டான். மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனாரோ, பாவம், பிள்ளை நல்லா தூங்கணும்னுதானே கொடுத்தான், அதுக்குப் போய் அவனைக் குற்றவாளி மாதிரி நிற்க வைப்பதா என்றாள். இந்தப் ‘பாவம்’ இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவள் பக்கம் வந்ததில்லை.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தாள். அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள், மேற்பார்வைக்கு இன்னொருத்தி வந்திருந்தாள். இடம் காலியானால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உள்ளே நின்றதற்கே உடம்பெல்லாம் தூசி ஏறியிருந்தது, திரும்பும்போது செருப்பு தரையில் பிசுபிசுத்தது.

வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து நின்றது.

“வா பாப்பா, அம்மாகிட்ட வா.”

குழந்தை நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, “நீ இன்னும் குளிக்கலையே” என்றது.

இனிமேல் குளிக்க வேண்டாம், சும்மாவே வரலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். குழந்தை தலையை ஆட்டியதே தவிர அசையவில்லை. அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள்.