நல்ல இறக்கையையும் ராவலாமா?

படகு இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். விடுமுறை நாட்களில் விசைப்படகுப் பந்தயத்தில் ஓட்டுவது அவளுக்குப் பைத்தியம். படகுச் சங்கத்தில் எல்லோருக்கும் அவள் தையல்காரி. அங்கே எஞ்சின் முதல் ஹெல்மெட் வரை சோதித்து, விதிக்குப் பொருள் சொல்லும் ஆய்வாளர் அவளுடைய சொந்த அண்ணன். ‘அவளுக்கு என்னப்பா கவலை’ என்று வயிற்றெரிச்சல்காரர்கள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் மற்றவர் படகை மேலோட்டமாகப் பார்க்கிற மனுஷன், தங்கை படகென்றால் ஆணி ஆணியாகப் பார்ப்பார்.

அந்த வருட இறுதிப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு மட்டும்தான் மேல்வகுப்புப் பந்தயங்களில் இடம். அதற்காகவே அவள் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, மிதந்துவந்த கட்டை ஒன்று அவள் படகின் புரொப்பல்லரில் மோதி ஓர் இறக்கையின் விளிம்பைப் பெயர்த்துவிட்டது. சேதமான இடத்தை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்கிறது விதி. ஒன்றை மட்டும் ராவினால் எடை மாறிப் படகு உதறும். நல்ல இறக்கைகளையும் ராவலாமா? அதைப் பற்றி விதி வாயே திறக்கவில்லை.

இப்படிப்பட்ட சந்தேகங்களைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். கூடப்பிறந்தவரிடம் கேட்கக் கூட்டம் எதற்கு என்று நினைத்தாள் பாருங்கள், அதுதான் தப்பு. அண்ணன் வீட்டுச் சமையலறையில் கேட்டாள்.

“மூணும் ஒரே அளவுல இருந்தாத்தானே ரிப்பேர்? தாராளமா ராவு. நான் சொல்றேன்ல?” என்றார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணியும் அதைக் கேட்டாள்.

ராவினாள், ஜெயித்தாள். கரையேறிய ஈரம்கூடக் காயவில்லை, இரண்டாவதாக வந்த சங்கச் செயலாளர் ஆட்சேபம் கிளப்பினார்.

“நல்ல இறக்கையையும் ராவியிருக்கியேம்மா. யாரைக் கேட்டுப் பண்ணினே?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்று சும்மா இருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

“என்கிட்ட யாரும் கேக்கல,” என்றார் அண்ணன்.

தனியாகச் சொன்னது தெரிந்தால் ஆய்வாளர் பதவி போய்விடும். சம்பளமில்லாத அந்தப் பதவியில் அவருக்கு அப்படியொரு மயக்கம். அண்ணியோ கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

“ஏண்ணா பொய் சொல்றே?” என்றாள் அவள்.

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க,” என்றார் செயலாளர். அவள் வெற்றி ரத்தானது. மேல்வகுப்பு இடம் அவருக்குப் போனது.

அடுத்த கூட்டத்தில் அதே செயலாளர் எழுந்தார். தன் புரொப்பல்லரில் அடிபட்டிருக்கிறது, நல்ல இறக்கைகளையும் ராவலாமா என்று கேட்டார். கூச்சநாச்சம் என்பது மருந்துக்கும் இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ராவலாம். இன்னையிலேருந்து விதிக்கு அதான் அர்த்தம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைவதற்குள் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “பாத்தியா, உன் பக்கம்தான் நியாயம்னு ஆக்கிட்டேன். வீட்டுக்கு வா, அண்ணி உன்னையே கேட்டுக்கிட்டிருக்கா.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, சார்.”