முன்கூட்டிக் கொடுத்த பாட்டில்

பெரியப்பாவின் மஞ்சள் பை இப்போது என்னிடம் இருக்கிறது. திருநீற்றுப் பொட்டலமும் பதிகப் புத்தகமும் கண்ணாடிக் கூடும் தவிர வேறெதுவும் அதற்குள் போனதில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருமுறை பிராந்தி பாட்டில் போனது. என் கண்ணால் பார்த்தேன். சொன்னால்தான் ஒருவரும் நம்புவதில்லை.

அது பிசான நெல் அறுப்புக் காலம். பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுப்பில் சேரன்மகாதேவிக்கு வந்திருந்தேன். கன்னடியன் கால்வாய்க்குக் கீழே எங்கள் வயல் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. மேற்கே, மலைப்பக்கம், பருவம் தப்பிய மேகம். அறுப்பு மிஷினோ ஊருக்கு ஒன்றுதான் வந்திருந்தது. வாடகை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் டிரைவருக்குப் பாட்டில் வாங்கித் தருகிறவர் வயலில்தான் அது முதலில் இறங்கும். பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடி என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர். மழைப் பயம் அவரைக் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அறுப்பு முடிந்த பிறகுதான் பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள் என்பது விவசாயம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம், கேட்க வெட்கம். "குடுக்க வேண்டியத முன்னாடியே குடுத்துரணும்மா, ஒருத்தனக் காக்க வைக்கக் கூடாது" என்று காலையிலேயே கொடுத்துவிட்டார்.

வள்ளியூர்க்காரரான அந்த டிரைவர் முந்தின நாளே இறங்கியிருந்த வேறொரு வயலையும் முடித்து, பாட்டிலையும் முடித்து, எங்கள் வயலை நோக்கி மெயின் ரோட்டில் மிஷினை ஓட்டி வந்தார். சாதாரணமாகவே ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் வண்டி, அன்று இரண்டு ஓரத்தையும் மாறி மாறித் தொட்டது. பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த சடங்கு வீட்டு பேனரை அது வாரிச் சுருட்டியபோது பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்துகொண்டிருந்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினார். மிஷின் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

"கதிரறுக்க மிஷினுக்குமா இந்தக் கேசு?" என்று பெரியப்பா கேட்டார். உதவி ஆய்வாளர் அவரிடம் படித்தவர். "ரோட்டுல ஓடுனா எல்லாம் வண்டிதான் சார்" என்றார்.

"அவன் மேல தப்பில்லப்பா. நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

உதவி ஆய்வாளர் சிரித்துவிட்டார். "நீங்க பாட்டில் வாங்குனீங்களாக்கும்! பிள்ளகுட்டிக்காரன்னு எரக்கப்பட்டுப் பழிய நீங்க ஏத்துக்கிடுதீங்க. இந்த மனசு யாருக்கு சார் வரும்?" பெஞ்சில் இருந்த டிரைவர் வேறு, "அண்ணாச்சிய விட்டுருங்க சார், நானாத்தான் குடிச்சேன்" என்று குழறினார். கடைக்கு நானும் கூடப் போனேன் என்று சொன்னேன். "சார் சொல்லச் சொன்னாங்களாக்கும்" என்று உதவி ஆய்வாளர் எனக்கும் டீ வரவழைத்தார். ஆத்திரத்தில் அந்த டீயை நான் தொடவில்லை.

மிஷின் முதலாளியிடமும் போய்ப் பெரியப்பா மன்றாடினார். அங்கேயும் இதே கதைதான். பாராட்டு இவருக்கு, டிரைவருக்கு வேலை போயிற்று. மழையில் எங்கள் நெல் கதிரிலேயே முளைத்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிரைவரைத் தேடி வள்ளியூருக்குப் போனார். கேரளாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் ஆள் அகப்பட்டால் போதும், உண்மையைச் சொல்லிப் பார்ப்பார். சொல்லச் சொல்ல அவர் மதிப்புதான் ஏறியது. "ஒருத்தனாவது என்னையத் திட்டலாம்லா" என்று படுக்கையில் கிடந்தபோது என்னிடம் கேட்டார். எனக்கும் திட்ட வாய் வரவில்லை.

போன மாதம் அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் எழுந்து, குடிகாரனுக்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொள்ளத் துணிந்த மகான் என்று ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினேன். "இதுலதான் பாட்டில் வாங்கிட்டு வந்தாங்க. நான் பாத்தேன். அந்த டிரைவர் பொழப்பு போனது எங்க பெரியப்பாவாலதான்."

பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார். "அவரு வளத்த பிள்ளல்லா. அவர மாதிரியே பேசுதா."

பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். பந்தலைச் சுற்றி அது என் கைக்குத் திரும்பியபோது, உள்ளே யாரோ திருநீறு போட்டிருந்தார்கள்.