பின்பக்கம் சொருகும் பெட்டி

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பின்பக்கம் சொருகும் மெமரிப் பெட்டி செய்வது என் தொழில். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் தவிக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளில் கீபோர்டுக்குள்ளேயே மொத்த உடம்பையும் அடக்கிய கம்ப்யூட்டர்கள் வந்தன. வீட்டு டிவிதான் திரை, டேப் ரெக்கார்டர்தான் பீரோ. இன்று காலை உங்களுக்கு வந்த குட் மார்னிங் ரோஜாப்பூ படம்கூட அதன் மெமரிக்குள் அடங்காது. முதுகில் நீளமாக ஒரு வாய் இருக்கும். அதில் ஒரு பெட்டியைச் சொருகினால் மெமரி கூடும். அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் செத்துவிட்டன. கீரமங்கலத்தில் ஒரு பூ கமிஷன் கடை மாடியில் உட்கார்ந்து நான் புதிதாகச் செய்கிறேன்.

லேகியம்

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் பழைய மெஷின் சேர்ப்பவர்கள். முதல் பார்சலை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். தமிழ்ப் பற்று பொங்கி ‘நினைவாற்றல் கூட்டும் பெட்டி’ என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா அதை இரண்டு தரம் படித்தார். பார்சலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “லேகியமாங்க, மாத்திரையாங்க? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு டப்பா கெடைக்குமா?”

ஆவூர் டீச்சர்

உள்ளூரில் எனக்கு வாடிக்கையாளர் இரண்டே பேர். அதில் ஒருவர் ஆவூர் அருள்மேரி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில், இரண்டு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும். கிராஃப் நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, ‘ட’வை ஒரு கட்டத்திலும் ‘ஞௌ’வை மூன்று கட்டத்திலும் அடைத்தாராம். நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேசட்.

அந்தக் காலத்தில் ஸ்டாஃப் ரூமில் அதைப் போட்டுக் காட்டினார். கேசட்டிலிருந்து எல்லாம் மெஷினுக்குள் ஏறி முடிக்கும் நேரத்தில் பின்னால் இருந்த மெமரிப் பெட்டி கருகிப்போய், திரை வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் நின்ற சயின்ஸ் வாத்தியார் சவரிமுத்து சார், “டீச்சர் நல்லாக் கதை விடுறாங்க” என்று சிரித்திருக்கிறார். நாற்பது வருடமாக ஊரில் அந்தச் சிரிப்புதான் நிற்கிறது. பெட்டி மறுபடி கிடைக்கவே இல்லை.

இந்த மெஷின்களுக்கான கேசட்டில் எல்லாம் கீச்சுச் சத்தமாகத்தான் பதிந்திருக்கும். கேசட்டைத் தட்டினேன், பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. ஒரே ஒரு தரம் ஓட்டி, அந்தக் கீச்சுச் சத்தத்தை லேப்டாப்பில் பதிந்துகொண்டேன். அந்த ஒரு ஓட்டத்திலேயே நாடா அறுந்துவிட்டது. பதிந்தது முழுசா, ஓட்டையா, தெரியாது. “லேப்டாப்லயே அந்த மெஷின் மாதிரி நடிக்கிற சாப்ட்வேர் இருக்கு டீச்சர், அதுல ஓட்டிப் பாத்துருவோமா?” என்றேன். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். எனக்கு ஐம்பது வயது. இருந்தும் கையைக் கட்டிக்கொண்டேன்.

“ஒருத்தன் எழுத வேண்டிய பரீட்சைய பக்கத்து பெஞ்சுக்காரன் எழுதுனா அது பாஸா தம்பி?”

ஆட்டம்

டீச்சர் மெஷினுக்காகச் செய்த முதல் பெட்டி ஓடவில்லை. இரண்டாவது சூடானது. மூன்றாவது அருமையாக ஓடியது, யாரும் கீபோர்டைத் தொடாதவரை. இந்த மெஷின்களின் பரம்பரை வியாதி இது. முன்னால் ஒரு எழுத்தை அழுத்தினால் பின்னால் பெட்டி ஒரு நூல் ஆடும், ஆடினால் எல்லாம் மறந்துவிடும்.

என்னுடைய இன்னொரு வாடிக்கையாளர் குன்றாண்டார்கோவில் பழனியாண்டி அண்ணன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். விரல் ஒவ்வொன்றும் உளி. என் பெட்டியை ரப்பர் பேண்டு, ஜாக்கெட் ஊக்கு, சைக்கிள் டியூப் எல்லாம் போட்டுக் கட்டிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி ஆடாத பெட்டி செய்யாமல் இந்த மாடியை விட்டு இறங்குவதில்லை என்று அவர் முன்னாலேயே சொன்னேன். (சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கினேன்.) மெஷினின் அடியில் தாங்குதட்டு கொடுத்து, இரண்டு பக்கமும் திருகு வைத்து, நாலாவது பெட்டி தயாரானது. அதற்கு எனக்கு அடிக்கல் நாட்டியது அண்ணன் அன்று சொன்ன சொல்தான்: “பொட்டி நல்ல பொட்டிதாம்ப்பா. ஆனா வாடக வீட்டுக்காரன் கணக்கா, எப்ப காலி பண்ணும்னு தெரியல.”

நெற்றி எது

அப்போதுதான் டீச்சர் போன் செய்தார். சவரிமுத்து சார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு இருக்கச் சென்னைக்குப் போகிறாராம், இனித் திரும்புவதாக இல்லையாம். ஆயுதபூசைக்கு இரண்டாம் நாள் ரயில். பூசைக்கு மறுநாளே வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். “அவர் பாக்காம ஓடி எனக்கு என்ன தம்பி?” என்றார். நான் சரி என்றேன். நாலாவது பெட்டியை என்னிடம் இருந்த மெஷினில் மூன்று நாள் ஓடவிட்டேன். பழனியாண்டி அண்ணனை வரவழைத்து உளி விரல்களால் அடிக்கவும் சொன்னேன். அசையவில்லை.

ஆயுதபூசை அன்று என் மனைவி வளர்மதி மாடிக்கு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். சால்டரிங் அயர்னுக்கு, மல்டிமீட்டருக்கு, மேஜை விசிறிக்கு. பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறி ஆவூர் போய்ச் சேர்ந்தேன்.

டீச்சர் வீட்டு ஹாலில் சவரிமுத்து சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கையில் காபி, முகத்தில் நாற்பது வருடத்துச் சிரிப்பு. பெட்டியைச் சொருகி, திருகை முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். திரை வெள்ளையாக நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி வெள்ளை. “அன்னைக்கும் இப்பிடித்தான்” என்றார் சார், காபியை உறிஞ்சிக்கொண்டே.

பெட்டியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மெஷினுக்குள் போய் உட்காரும் இடத்தில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். நட்டநடுவில் மூன்று பல்லை மூடி, வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். வளர்மதிக்குப் போன் போட்டேன். “அதுதானேங்க பளபளன்னு இருந்துச்சு, அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன்” என்றாள். கோபப்பட எனக்கு ஏது யோக்கியதை? பூசைக்குப் பிறகு ஒருமுறை திருப்பிப் பார்க்காதது நான்தானே?

கூனிக் குறுகி டீச்சரிடம் காட்டினேன். அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்தார், பென்சில் எழுத்தை அழிப்பது. இந்தப் பற்களைத் துடைக்க அதைவிட நல்ல கருவி இன்றுவரை வரவில்லை. நான் தேய்க்கத் தொடங்கியதும் சொன்னார்: “நல்ல மனசோடதான் தம்பி வச்சிருக்காங்க. மெஷினுக்கு நெத்தி எதுன்னு நீங்கதான் சொல்லிக்குடுக்கல.”

ஞௌ

இந்த முறை திரையில் எழுத்து வந்தது. லேப்டாப்பிலிருந்து வயரைக் கொடுத்துச் சத்தத்தை ஓட்டினேன். கேசட்டிலிருந்து ஏறுவதென்றால் ஆறேழு நிமிடம் கீச்சிடும். டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் பெட்டியை விரலால் தாங்கிக்கொண்டிருந்தேன், திருகு இருப்பது மறந்தே போயிற்று. பொடி உதிர்ந்த இடத்தில் எது எது போயிருக்கிறதோ, தெரியாது.

சத்தம் நின்றது. கறுப்புத் திரையில் ‘அ’ வந்தது. பிறகு ‘ஆ’. சுழி எல்லாம் கொஞ்சம் சதுரம்தான். ஆனால் அ அதுதான், ஆ அதுதான். டீச்சர் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பட்டனை அழுத்தினார், பெட்டி இம்மி ஆடவில்லை.

சவரிமுத்து சார் நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “நான் எப்ப டீச்சர் இல்லேன்னு சொன்னேன்?” என்றார். ஞகர வரிசை வந்ததும் திரையை விரலால் தொட்டார். “இந்த ஞௌ-வுல ஒரு புள்ளி கொறையுதே.”

டீச்சர் குனிந்து பார்த்தார். குறையத்தான் செய்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் விடைத்தாள் கொடுக்கிற குரலில் சொன்னார்: “கொறையுதுன்னு சொல்றதுக்காச்சும் இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்களே சார், அது போதும்.”

கம்ப்யூட்டருக்கு முதுகில் ஒரு வாய் வைத்திருப்பதால் ஞாபகத்தைக் கூட்டிக் கொடுத்துவிட முடிகிறது. மனுசனுக்கு அதை எங்கே வைத்திருக்கிறது என்றுதான் நானும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.