பொறுத்தவர் போட்ட வழக்கு

லோயரிடம் கிளாக்கராக இருப்பவனுக்கு ஒரு தலைவிதி உண்டு: வழக்கு வென்றால் லோயர் கெட்டிக்காரர், தோற்றால் கிளாக்கர் சாட்சி பிடிக்கத் தெரியாதவன். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு லோயர் கந்தோரில் இந்த இரண்டாம் பட்டத்தைப் பலமுறை வாங்கியவன் நான். வாகனத்தில் அடிபட்டுவிட்டு எங்கள் வாங்கில் குந்தியிருந்தவர்களே, உங்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது.

ஆதம்பாவா காக்கா மருதமுனையில் நெசவு செய்பவர். நெய்த சாறன் கட்டைச் சைக்கிளில் ஏற்றிக் கல்முனைச் சந்தைக்கு வரும்போது ஜெமீல் என்பவர் வாடகைக்கு ஓட்டும் ஹயர் கார் பின்னால் வந்து இடித்தது. முழங்கால் நொறுங்கிவிட்டது. நட்டஈடு கிடைத்தால்தான் குடும்பம் தலைதூக்கும். பிழை ஜெமீலுடையது என்று நாங்கள் கோட்டில் நீதிபதிக்குக் காட்டினால், காரின் இன்சூரன்ஸ்காரர் கட்டுவார்கள்.

வாளித் தண்ணீர்

காக்காவின் மச்சினன் ஓடிவந்து சொன்னதுமே நான் சைக்கிளை எடுத்தேன். பொலிஸ் விபத்து இடத்தை அளக்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது எங்கள் லோயரின் கட்டளை. போய்ப் பார்த்தால் காரைக் காணோம். காக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதே அந்தக் கார்தான். சைக்கிளை யாரோ பத்திரமாகச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ரோட்டு, பெருநாள் காலை முற்றம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. பொலிஸ்காரர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று என்னையே பார்த்தார்.

விபத்து நடந்தது பள்ளிவாசலுக்கு நேர் முன்னால், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மீராலெவ்வை காக்கா வெறும் வாளியோடு நின்றார். ஏன் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கு முன்னால ரெத்தம் கிடக்கக்குள்ள, அதை மிதிச்சிட்டா தம்பி மனிசர் தொழப் போற?"

கண்ட சாட்சி

தடயம் போனால் போகட்டும், சாட்சி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மீராலெவ்வை காக்கா எல்லாவற்றையும் கண்ணால் கண்டவர். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் சொன்னார்: ஜெமீல் பின் சீற்றில் இருந்தவரோடு திரும்பிக் கதைத்தது, சைக்கிள் பறந்தது, சாறன்கள் வேலியில் போய்த் தொங்கியது. அதைக் கேட்கவென்றே நானும் அங்கே தேத்தண்ணி குடித்தேன். சொல்லச் சொல்லக் காரின் வேகமும் கூடிக்கொண்டே போனது.

கோட்டுக்கு வந்து இதையே சொல்லுங்கள் என்றதும் மனிதர் கிளாசைத் துடைக்கத் தொடங்கினார். ஜெமீல் அவருடைய மனைவியின் தங்கைக்கு மருமகனாம். பொலிஸ் போட்டிருந்த வழக்கும் இப்படித்தான் சாட்சியில்லாமல் படுத்துவிட்டது.

"கதைக்கத்தான் தம்பி நான் கண்ட. சாட்சி சொல்ல நான் காணல்ல."

தோடம்பழத்தோடு வந்தவர்கள்

அடுத்த இடி ஆஸ்பத்திரியில் விழுந்தது. ஜெமீல் மாமனாரையும் பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்காரையும் கூட்டிக்கொண்டு, தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வாட்டுக்குப் போயிருக்கிறார். காக்காவின் கையைப் பிடித்து அழுது, மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்டிருக்கிறார். வாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "அல்லாவுக்காகப் பொறுத்திட்டன்" என்று இவர் சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். பிறகு மனதில் வைத்திருப்பது பாவம்.

எங்கள் லோயருக்குத் தலையிடி வந்துவிட்டது. எனக்கோ, உடைந்த காலோடு கிடப்பவர் எப்படி ஒரே மூச்சில் பொறுக்கிறார் என்று அறிய ஆசை. கேட்டேவிட்டேன்.

"கால் என்ட. பொறுக்கிறதும் என்ட. இதுக்கு லோயர்ட்ட கேட்கவா வேணும்?"

குழித்தறி

வழக்குத் தவணைக்கு வரமாட்டேன் என்று காக்கா பிடிவாதம் பிடித்தார். பொறுத்த வாயால் நட்டஈடு கேட்பது வெட்கமாம். சமாதானம் சொல்ல மருதமுனைக்குப் போனேன். அவர் கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். முழங்கால் இனி மடங்காதாம். தறிக் குழிக்குள் அவருடைய மனைவி ஆசியா இருந்தார். இரண்டு கால்மிதியையும் மாறி மாறி மிதித்தால்தான் இழை பிரியும், குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடா ஓடும். அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டும் அவரால் குழியை விட்டு எழும்ப முடியவில்லை.

நான் தயாரித்துக்கொண்டு போன நியாயங்களுக்குத் தேவையே வரவில்லை. ஆசியா மிதியை நிறுத்தாமலே புருஷனிடம் சொன்னார்:

"பொறுத்த நீங்க. மிதிக்கிற நான்."

கூண்டில் ஜெமீல்

தவணையன்று காக்கா ஊன்றுகோலோடு வந்தார். இன்சூரன்ஸ் தரப்பு லோயர் கொழும்பிலிருந்து வந்தவர். இடித்ததற்கு அடையாளமும் இல்லை, கண்டவரும் இல்லை என்றார். உண்மைதான், அடையாளத்தை வாளித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதோடு விட்டிருந்தால் அவர் வென்றிருப்பார். ஆனால் வாட்டில் நடந்ததை அறிந்திருந்தவர், பொறுத்தவருக்கு நட்டஈடு எதற்கு என்று காட்ட, "பொறுத்தீரா?" என்று காக்காவிடம் கேட்டார். காக்கா மறைக்கவில்லை. "ஓம்" என்றார். அதை உறுதிப்படுத்த ஜெமீலையும் கூண்டில் ஏற்றினார்கள். எங்கள் லோயர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அடுத்த மாதம் வேலை இருக்கவில்லை.

மாப்புக் கேட்டது உண்மைதானா என்ற கேள்விக்கு ஜெமீல் ஓம் என்றார். நீதிபதி பேனையை வைத்துவிட்டு, எதற்காகக் கேட்டீர் என்றார். ஜெமீல் தன் பக்கத்துக்கு வந்திருந்த இன்சூரன்ஸ் லோயரைப் பார்த்தார். பிறகு காக்காவின் காலைப் பார்த்தார்.

"பின்னால பார்த்துக் கதைச்சு இடிச்ச நான்தான் ஐயா. பிழை செய்யாமலா மனிசன் மாப்புக் கேட்பான்? அவர் பொறுத்த என்னை. இன்சூரன்ஸ்காரர் ஆரும் வாட்டுக்கு வந்து மாப்புக் கேட்கல்லயே."

நட்டஈடு கிடைத்தது, வழக்கம்போல லோயர் கெட்டிக்காரர் ஆனார்; நானோ அதற்குப் பிறகு விபத்தென்று வாங்கில் வந்து குந்துகிற எவரிடமும் கார் நம்பரைக் கேட்பதற்கு முன்னால், மாப்புக் கேட்டு யாராவது வந்தார்களா, அப்போது பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்றுதான் கேட்டேன்.