எத்துப்பல்லும் ஒரு ஞாயிற்றுப் பூசையும்

எட்டு வயதுவரை கட்டைவிரல் சூப்பினேன். அம்மா விரலில் வேப்பெண்ணெய் தடவினாள். அதையும் சேர்த்துச் சூப்பினேன். பால்பல் விழுந்து முளைத்த மேல்பற்கள் முன்னால் தள்ளி நின்றன. பல்லைக் கடித்தால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே சுண்டுவிரல் போகும். உதடு தானாகச் சேராது. தூங்கி எழுந்தால் வாய் காய்ந்திருக்கும். விரல் சூப்பினதால் வந்தது என்று வெகுகாலம் கழித்து ஒரு பல் டாக்டர் சொன்னார். சின்னதிலேயே காட்டியிருந்தால் கம்பி போட்டு இழுத்திருக்கலாமாம். வில்லியனூர் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு எத்துப்பல் என்று பேர். வைத்தியம், வாயை மூடிக்கொள்வது.

பத்தொன்பது வயதில் பாகூர் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். உதட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். தாடை வலித்தது. மாப்பிள்ளையின் அம்மா போகும்போது, "ஞாயித்துக்கெழம உங்க ஊரு பூசைக்கு வர்றோம்" என்றாள்.

எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் ஊர்களில் பெண்ணின் பல்லைப் பார்க்க அதுதான் வழி. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம்தான் நன்மை. அதை வாங்கப் பீடத்தின் முன்னிருக்கும் கிராதியில் முழங்கால் போட்டால் வாயைத் திறந்து நாக்கை நீட்டியாக வேண்டும். பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை அம்மா சொன்னாள்: "இன்னிக்கு நீ நன்மைக்குப் போவாத. குந்தின எடத்துலயே குந்து."

"கேட்டா?"

"யாருடி கேக்கப் போறாங்க?"

எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கிராதியில் மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்ததும் மாமா வேகமாக வந்தார். சம்பந்தம் பேசினவர் அவர்தான்.

"இன்னாக்கா இது? பாஸ்காத் திருநாளுக்கு ஊரே பாவம் சொல்லி நன்மை வாங்கி எட்டு நாளுதான் ஆவுது. பொண்ணு நன்மை வாங்கல. அப்பிடி இன்னா பாவம் பண்ணிட்டா, சாமியார்கிட்ட சொல்ல முடியாம கெடக்குறாளான்னு கேக்குறாங்க. பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் பல்லை மட்டும்தான் யோசித்திருந்தாள். பல்லால் போனால் ஒரு சம்பந்தம்தான் போகும். இந்தப் பேச்சு கிளம்பினால் எந்த ஊரிலிருந்தும் வர மாட்டார்கள்.

நான் எழுந்து போனேன். கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரில் நின்று வாயைத் திறந்து காட்டினேன்.

"இதுக்குத்தான் எங்கம்மா போவ வேணாம்னாங்க. வேற ஒண்ணுமில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளரிக்காரியும் பார்த்தாள்.

"பல்லா? பல்லுக்காடி இத்தினி கலாட்டா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. ஒரு பிஞ்சை நீட்டினாள். "கடி, பாக்கலாம்."

கடித்தேன். மேல்பல் இறங்கியது, கீழ்ப்பல் எட்டவில்லை. பிஞ்சைத் திருப்பிக் கடவாயில் வைத்துக் கடித்தேன்.

"சோறு துன்ன முடியுதா?"

"முடியுது."

"கறி?"

"குடுத்தா துன்னுவேன்."

வெள்ளரிக்காரி சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. மாமாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"வர்ற ஞாயிறே பூசையில இவங்களுக்குக் கல்யாணம்னு ஓலை வாசிக்கச் சொல்லுப்பா சாமியார்கிட்ட. பஸ்ஸு வந்துடும், நான் போறேன்."

மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.