செங்கல் களத்தில் நான்கு முட்டைகள்

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நகரிக்குப் போனேன். பறவை ஆசையோடு வீம்பும் சேர்ந்துதான் கிளப்பியது. முந்தைய ஆண்டு ஓர் ஏரிக்கரையில் சிவப்புமூக்கு ஆள்காட்டியின் முட்டைகள் காணாமல் போயின. நான் கிட்டே போய்ப் படமெடுத்ததுதான் காரணம் என்று சொல்லி எங்கள் பறவை நோக்கும் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். நான் நூறடிக்குள் போகவே இல்லை. பழி சொன்னவர் பதினோரு ஆண்டு நண்பர். அவரை மன்னிக்கவில்லை, அந்த உத்தேசமும் இல்லை.

திருப்பதியில் காலை 5.40க்குப் பேருந்து. சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 85 ரூபாய். நகரியிலிருந்து, ஆள்காட்டி முட்டையிட்டிருப்பதாகக் கேள்விப்பட்ட செங்கல் சூளைக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120. (150 கேட்பார்கள்.) களத்தில் இன்னும் சுடாத பச்சைக் கற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வரிசையின் நடுவில் மட்டும் இரண்டு முழ இடைவெளி. அங்கே வெறும் தரையில், மண்ணோடு மண்ணாக நான்கு முட்டைகள். ஆறடி தள்ளி முனிரத்தினமும் அவர் மனைவி சரோஜாவும் களிமண்ணை அச்சில் அடித்துக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதறியது. பறவைக்குத் தொந்தரவு, கொஞ்ச நேரம் தள்ளிப் போங்கள் என்றேன்.

"இன்னா சார், அது முட்ட வெச்சிப் பத்து நாளாவுது. நாங்க இங்கதான் வேல செஞ்சிக்கினு கீறோம்," என்றார் முனிரத்தினம். ஆனாலும் படித்தவன் சொல்கிறானே என்று இருவரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். நான் தூரத்து வேப்பமரத்தடியில் கேமராவோடு நின்றேன்.

பத்து நிமிடம்தான். முட்டைகளை வெயிலில் குளிர்விக்க வயிற்றை நனைத்து வரப் பறவை தண்ணீர்க் குழிக்குப் போனது. உடனே சூளைக் கூரையிலிருந்து இரண்டு காகங்கள் இறங்கின. ஆள்காட்டி அலறிப் பாய்ந்தது. ஒன்றைத் துரத்தினால் மற்றது முட்டையை நெருங்கியது. நான் ஓடினேன். என்னைத் தாண்டி ஒரு களிமண் உருண்டை பறந்து போய் விழுந்தது. எறிந்தது சரோஜா. காகங்கள் எழும்பிப் போயின.

"நாங்க எழுந்து போனா காக்கா வராம இன்னா பண்ணும்? நாய், கீரி எல்லாம் எங்களுக்குப் பயந்துக்கினுதான் இந்தப் பக்கம் வர்றதில்ல. குருவிக்குத் தெரிஞ்சது உனுக்குத் தெர்லியே சார்!"

"வுடு சரோஜா, அவரு மூஞ்சியப் பாரு. ஒரு டீ குடு மொதல்ல," என்று சிரித்தார் முனிரத்தினம்.

முட்டைகளை எண்ணினேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். நான்கேதான். அவர்கள் மறுபடி கல் அறுக்க உட்கார்ந்ததும், பறவை வயிற்றிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைகள் மேல் அமர்ந்தது. பக்கத்தில் டீயோடு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

நீங்கள் போவதானால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. தண்ணீரும் தொப்பியும் அவசியம். அங்கே வேலை செய்பவர்களை நகரச் சொல்லாதீர்கள். அவர்களோடு உட்காருங்கள்.

மூன்று வாரம் கழித்து முனிரத்தினம் போன் செய்தார்: "நாலும் பொரிச்சி ஓடிக்கினு கீது சார்!"

அந்த ஏரிக்கரையில் நான் கிட்டே போகவில்லை என்பது இன்றும் உண்மை. ஆனால் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னது நான்தான். நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்தால் படிக்கட்டும்.