சித்தப்பாவுக்கு ஒரு டிக்

எங்கள் சித்தி லேசுப்பட்டவள் இல்லை. எமனே வந்தாலும் அவளிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் அவள் ராஜ்யம்.

இப்போது பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். ஆள் உயிரோடு இல்லையென்றால் 'இறந்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஊராருக்கெல்லாம் கண் இமைக்காமல் போட்டவள், போன வருஷம் கண்ணை மூடிய சித்தப்பாவின் ஃபைலை மட்டும் கட்டுக்கு அடியிலேயே தள்ளிக்கொண்டிருந்தாள். இன்று மேசையில் அது ஒன்றுதான் மிச்சம்.

சோறு கொண்டுபோன நான் அதைப் பார்த்தேன். அவள் பாட்டிலோடு தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து, பேர், வயசு எல்லாம் தட்டி, டிக்கும் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவள் திரையையே பார்த்தாள்.

"சித்தப்பாவ யாருடா ஏத்தினது?"

"நீதான் சித்தி. ஏத்தினவர்னு உன் பேருதான போட்டிருக்கு."

"ஏத்தின நேரமும் போட்டிருக்குடா மண்டு. அப்ப நான் குழாய்கிட்ட நின்னேன். காகிதமா இருந்தா உன் புளுகு நின்னிருக்கும்."

நான் தலையைச் சொறிந்தேன். அவள் டிக்கை அழிக்கவில்லை. கீபோர்டை விரலால் தடவினாள்.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"தண்ணி சிந்திருச்சு."

"பாட்டில் எங்கிட்டதானடா இருந்துச்சு," என்றாள் சித்தி.